பின்கட்டில் வெல்லம்

சித்தூர்
3 அக்டோபர் 2024

லோயிஸுக்கு,

இன்று காலை நம் வார்டின் சர்க்கார் ஆபீஸான சசிவாலயத்துக் குமாஸ்தா ரமணா மண்டிக்கே வந்து, நீ உன் பெயரையும் மகள் பிளெஸ்ஸி பெயரையும் என் குடும்பப் பதிவிலிருந்து பிரித்துத் தனியாகப் போட மனு கொடுத்திருக்கிறாய் என்று சொன்னான். "இஸ்ரேல் காரு, மீ செல்லெலு, உங்க தங்கச்சி, தனி ரேஷன் கார்டுக்கு அப்ளை பண்ணிக்கிறாங்க. வீட்டுத் தலைவர் நீங்க. உங்க தம்ப் வெச்சாத்தான் பிரியும்" என்று கைரேகை மெஷினை எடுத்து எடைமேடை மேலேயே வைத்துவிட்டான். சரக்கு போட வந்த விவசாயிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கை வைக்கவில்லை. லாரி நிற்கிறது, பிறகு வா என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வருடமாக உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை. நான் செய்தால் எடுப்பதில்லை. தங்கை என்ன செய்கிறாள் என்று அண்ணன் சர்க்கார் ஆள் வாயால் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிட்டாய்.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. இருபது கிலோ வெல்லத்துக்கு விலை கேட்கிறவன் சில நேரம் குடோனையே நோட்டம் விட வந்தவனாக இருப்பான். இன்றைக்குப் பதிவில் பிரிவாய். அடுத்தது வீட்டு வரியில் பிரிவாய். அதற்கடுத்து நடுவில் சுவர் எழுப்ப ஆள் கூட்டி வருவாய். முன்கட்டு எனக்கு, பின்கட்டு உனக்கு என்று நைனா சாகிறதற்கு முன் வாயால் சொன்னது உண்மை. எழுதி வைக்கவில்லை என்பதும் உண்மை. இதை உனக்கு எந்த வக்கீல் சொல்லிக்கொடுத்தான்? பெயரைச் சொல், நானே போய்ப் பேசிக்கொள்கிறேன்.

பணக் கஷ்டம் என்றால் கஷ்டம் என்று எழுது. அது வேறு பேச்சு.

நம் வெல்ல வண்டி வாரத்துக்கு இரண்டு தரம் திருப்பதி வருகிறது. டிரைவர் தணிகைவேல் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு. இரண்டு கிலோ அச்சு வெல்லமும் வைத்திருக்கிறேன்.

இஸ்ரேல்


திருப்பதி
7 அக்டோபர் 2024

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

வெல்லத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தணிகைவேல் வாசலில் நின்று, "அக்கா, நீங்க துன்னலன்னா பரவால்ல, பாப்பாக்காவது குடுங்க. திருப்பி எடுத்துக்கினு போனா மொதலாளி என்னத்தான் கேப்பாரு" என்று கெஞ்சினான். பாவம், அவனைத் திட்டாதே.

வக்கீல் யாரும் இல்லை. நடந்தது இதுதான். பிளெஸ்ஸி நர்சிங் இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டாள். சர்க்கார் ஃபீஸைத் திருப்பித் தரும் ஃபீ ரீயிம்பர்ஸ்மென்ட் போன வருடமும் வரவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு இந்த வருடம்தான் காரணம் சொன்னார்கள். குடும்பத்தில் வருமான வரி கட்டுகிறவர் இருக்கிறார், சொந்தக் கார் இருக்கிறது. அந்தக் குடும்பம் எதுவென்று பார்த்தால் உன்னுடையது. அவள் அப்பா போன பிறகு உன் வீட்டுக்கு வந்தபோது எங்களை உன் பதிவில் சேர்த்தாய். நாங்கள் அங்கிருந்து வந்துவிட்டோம், பெயர் வரவில்லை. நான் இங்கே வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் வார்டனாக இருக்கிறேன். ஓர் அறை, சாப்பாடு, பதினோராயிரம் சம்பளம். கம்ப்யூட்டரில் நான் கார் வைத்திருக்கிறேன்.

போன வருடத்து ஃபீஸை என் கழுத்துச் செயின் கட்டியது. இந்த வருடத்துக்கு நவம்பர் 30 கடைசி. அன்றைக்குள் கட்டாவிட்டால் பரீட்சைக்குப் பெயர் அனுப்பமாட்டோம் என்று பிரின்சிபால் மேடம் சொல்லிவிட்டார்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வடமாலபேட்டையில் ஒரு ரைஸ் மில்காரர் பெண் பிள்ளைகளுக்கு உதவுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ரேஷன் கார்டைப் பார்த்தார், உன் பெயரைப் பார்த்தார், "வெல்லமண்டி இஸ்ரேல் தங்கச்சியா நீ? அவரு கிட்ட நான்தாம்மா கடன் வாங்கணும்" என்று காபி கொடுத்து அனுப்பினார். பேங்கில் சம்பளச் சான்று கேட்டார்கள், எங்கள் ஹாஸ்டலில் அதெல்லாம் தருவதில்லை. கடைசியாக நம் சபையின் கல்வி நிதிக்கு எழுதினேன். பொருளாளர் கிளாட்வின் போன் செய்தார். "லோயிஸு, தப்பா எடுத்துக்காத. போன அறுப்புப் பண்டிகைல காணிக்கை ஏலத்துல உங்கண்ணன் ஒரே ஒரு பூசணிக்காய பதினோராயிரத்துக்கு எடுத்தாரு. சபையே கை தட்டுச்சி. அந்த வூட்டுப் பொண்ணுக்கு உதவின்னு கமிட்டில எப்டிம்மா வாய தொறக்கறது?"

உன் பெயர் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு வருகிறது, அண்ணா.

நான் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருக்கிறாய். மறந்திருக்க மாட்டாய். பிளெஸ்ஸி பத்தாவது முடித்து இன்டர் சேர்ந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பின்கட்டு அறையைத் திறந்தால் தரையிலிருந்து உத்தரம் வரை வெல்ல மூட்டை. எங்கள் கட்டில் மேலும் மூட்டை. அவள் பள்ளிக்கூடப் புத்தகம் வைத்திருந்த அலமாரியில் எறும்பு சாரை போய்க்கொண்டிருந்தது. நீ மூட்டை மேல் உட்கார்ந்து, "சும்மா கிடக்கிற எடம்தானே" என்றாய். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். அவள் பஸ்ஸில் கேட்டாள், "அம்மா, இப்ப நம்ப வூடு எதும்மா?" என்று.

பணம் கேட்கவில்லை. கட்டை விரலைக் கேட்கிறேன்.

லோயிஸ்


சித்தூர்
12 அக்டோபர் 2024

லோயிஸ்,

உன் கடிதத்தை உன் அண்ணி லீனாவும் படித்தாள். படித்ததும் அதை என் முன்னால் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு ஆள் இல்லாமல் செய்கிறாய்.

அந்த வருடத்து மழை உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. நவம்பரில் கொட்டித் தீர்த்தது. வெல்லம் ஈரக் காற்று பட்டாலே அழுதுவிடும். மண்டியில் தண்ணீர் ஏறியது. ஒன்றரை லாரிச் சரக்கு தெருவில் கரையப் பார்த்தது. நீங்கள் இல்லை, அறை காலி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதற்குப் பிறகு யோசித்தேன், பைபாஸ் பக்கம் குடோன் எடுத்தால் மாதம் ஆறாயிரம். வீட்டுக்குள்ளேயே இடத்தை வைத்துக்கொண்டு வெளியே ஏன் கொட்டவேண்டும்? அந்த ஆறாயிரம் மிச்சமானதால்தான் காருக்குத் தவணை கட்ட முடிந்தது. இதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. பதினாறு வயதில் தலையில் கூடை சுமந்தும், பிறகு சைக்கிளிலும் வெல்லம் விற்றவன் நான். எந்தச் சபைக் கமிட்டியும் எனக்கு உதவித்தொகை கொடுக்கவில்லை. ஏலத்தில் பூசணிக்காய் எடுத்தேன் என்றால், ஒரு காலத்தில் அந்த ஏலத்தில் பின்வரிசையில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால்.

கட்டை விரல் வைக்கமாட்டேன். வைத்தால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? இஸ்ரேல் தங்கச்சி ஏழை என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்தது, அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான் என்று பேசும்.

அதைவிட நல்ல யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் கேள். இந்த வருடமும் இனி வரும் இரண்டு வருடமும் பிளெஸ்ஸியின் ஃபீஸ், புத்தகம், யூனிபார்ம் எல்லாம் என் செலவு. கல்லூரியில் நேரடியாகக் கட்டிவிடுவேன், உன் கைக்குக்கூட வராது. நீ பின்கட்டில் உன் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு. ஸ்டாம்ப் செலவும் என்னுடையது. உனக்குப் பிள்ளை படிப்பு முடியும், எனக்கு இடத்துச் சிக்கல் முடியும். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத பேரம் இதுதான். நன்றாக யோசித்து எழுது.

இஸ்ரேல்


திருப்பதி
20 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

யோசித்தேன். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் பேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கும் அதே நைனாதான். நம் தெருவில் போன சித்திரையில் தையற்கடைக்காரர் விற்ற இடத்துக்கு என்ன விலை போனது என்று எனக்குத் தெரியும். நீ சொல்கிற மூன்று வருடப் படிப்புச் செலவு பின்கட்டின் கழிவறை நிற்கிற இடத்துக்குக்கூடக் காணாது. வெளியாள் ஒருவன் இந்த விலையோடு வந்திருந்தால் நீ சிரித்திருப்பாய். தங்கச்சி அவசரத்தில் இருக்கிறாள், நாள் நெருங்குகிறது என்று தெரிந்துதானே விலை வைத்தாய்? வெல்லம் காய்ச்சி மண்டிக்குக் கொண்டுவந்த விவசாயியிடம் சாயங்காலம் விலை பேசுவாயே, அதே மாதிரி.

விடுதலைப் பத்திரம் எழுதமாட்டேன்.

இனி பிளெஸ்ஸி விஷயம். அவளுக்கு எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை என் தலையணை உறைக்குள் வைத்திருந்ததை எடுத்துப் படித்துவிட்டாள். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து, "அம்மா, பெங்களூர்ல வயசானவங்கள பாத்துக்கற வேலைக்கு ஆள் எடுத்துக்கினு இருக்காங்க. ஒரு வருசம் படிச்சிருந்தாலே போதுமாம். தங்க எடம் தர்றாங்க. நான் பேசிட்டேன்" என்றாள். உன் மருமகள் பேசுவது உன்னைப் போலவே இருக்கிறது. முடிவெடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். டிசம்பர் முதல் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். அனாடமியில் வகுப்பிலேயே முதல் மார்க் எடுத்த பெண், அண்ணா. யாரோ ஒரு வீட்டில் பெட்பேன் கழுவப் போகிறாள். அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. படிப்பை முடித்துவிட்டுச் செய்தால் நர்ஸ், முடிக்காமல் செய்தால் வேலைக்காரி. அவளுக்கும் அது தெரியும்.

நீ விரல் வைத்தாலும் இந்த வருடத்துப் பணம் நவம்பருக்குள் வந்து சேருமா என்று ரமணா சந்தேகப்படுகிறார். அடுத்த இரண்டு வருடத்துக்காவது வழி பிறக்கும். இந்த வருடத்துக்கு நான் இன்னும் யாரையாவது கேட்கிறேன்.

உன்னைக் கேட்கவில்லை.

லோயிஸ்


சித்தூர்
18 நவம்பர் 2024

லோயிஸ்,

நேற்று அறுப்புப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. கூட்டம் அதிகம். பந்தலில் சாம்பார் பற்றவில்லை.

கமிட்டி இந்த வருடம் மனம் மாறி உன் மனுவை எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். செக் இரண்டொரு நாளில் வருமாம். நல்லது. சபை என்று இருப்பது அதற்குத்தானே. எனக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, கிளாட்வின் சொல்லித்தான் எனக்கே தெரியும். வாங்கிக்கொண்டு ஃபீஸைக் கட்டிவிடு. பெங்களூர் டிக்கெட்டை கேன்சல் செய்யச் சொல். சீக்கிரம் செய்தால் பாதிப் பணமாவது திரும்பி வரும்.

இஸ்ரேல்


திருப்பதி
21 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

செக் வந்தது. நாற்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.

உனக்கு வெல்லம் விற்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. எந்தச் சபைக் கமிட்டி தொள்ளாயிரத்து அறுபது என்று கொடுக்கும்? கொடுத்தால் ஐயாயிரம், மனம் குளிர்ந்தால் பத்தாயிரம். அது கல்லூரி பில்லின் அச்சு அசல் தொகை. நாற்பத்தைந்தாயிரம் ஃபீஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரம் லேப், ஐடி கார்டைத் தொலைத்ததற்கு அறுபது ரூபாய் அபராதம். அந்த அறுபதைக்கூட விடவில்லை நீ. தணிகைவேல் கல்லூரி ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வெல்லம் இறக்கப் போகிறான் அல்லவா? ஆபீஸில் போய், "பிளெஸ்ஸி பாப்பா பில்லு எவ்ளோன்னு எங்க மொதலாளி கேட்டாரு" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். பிளெஸ்ஸியின் தோழி கவுண்டரில் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

ஏலத்து வீடியோவும் என் போனுக்கு வந்துவிட்டது. ஏலம் விடுகிறவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டி நூறு ரூபாய் என்கிறார். யாரோ இருநூறு என்கிறார்கள். நீ எழுந்து, "நாப்பத்தாறாயிரத்து தொள்ளாயிரத்து அறுவது" என்கிறாய். ஏலம் விடுகிறவர் மைக்கில், "ஐயா, அறுவது எதுக்குங்கய்யா, பழத்துக்கு ஜிஎஸ்டியா?" என்று கேட்கிறார். சபை முழுக்கச் சிரிக்கிறது. நீ சிரிக்கவில்லை. அது யாருடைய பில் என்று அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் மீதிப் பேருக்கும் தெரிந்துவிட்டது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் உனக்கும் எனக்கும் ஒரே டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். நீ மைக் வைத்துக் கொடுத்திருக்கிறாய்.

செக்கை கிளாட்வினுக்கே பதிவுத் தபாலில் திருப்பிவிட்டேன். உன் முகத்தில் அடிக்கவேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. அதை வாங்கினால், பிளெஸ்ஸி இனி சபையில் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாலும் வாழைப்பழப் பெண் என்று சொல்வார்கள்.

செக்கைக் கவரில் போட்டு ஒட்டும்போதுதான் உன் அக்டோபர் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு வரி கண்ணில் பட்டது. முதல் தரம் கோபத்தில் தாண்டிப் போயிருந்தேன். "பைபாஸ் பக்கம் குடோன் எடுத்தால் மாதம் ஆறாயிரம். அந்த ஆறாயிரம் மிச்சமானதால்தான் காருக்குத் தவணை கட்ட முடிந்தது." நீயே எழுதியது.

என் அறையில் மூட்டை அடுக்கினாய். மிச்சமானதில் கார் வாங்கினாய். அந்தக் காரைக் காட்டித்தான் என் மகளுக்கு உதவித்தொகை இல்லை என்கிறார்கள்.

ஆறு வாரமாக ஊரெல்லாம் உதவி கேட்டு அலைந்தேன். எனக்கு உதவி தேவையே இல்லை, அண்ணா. எனக்கு வரவேண்டியது வாடகை. எழுத்தில், பத்திரத்தாளில், பின்கட்டு லோயிஸுடையது, அதை இஸ்ரேல் வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று எழுதிக் கொடு. அட்வான்ஸ் கொடு. முடியாது என்றால் மூட்டையைக் காலி செய். வேறு வியாபாரி யாராவது வருவார். நம் தெருவிலேயே இரண்டு பேர் இடம் தேடுகிறார்கள்.

முப்பதாம் தேதி கடைசி என்பதை மறுபடி எழுதத் தேவையில்லை.

லோயிஸ்


சித்தூர்
25 நவம்பர் 2024

லோயிஸ்,

பேரத்தில் விலையை முதலில் சொல்கிறவன் தோற்றான் என்று நைனா சொல்வார். ஆறாயிரத்தை நான் எழுதியிருக்கக்கூடாது.

உன் கடிதத்தைப் படித்த அன்று மண்டிக்குப் போகவில்லை. பின்கட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்தேன். அலமாரி தெரிகிற அளவுக்கு முன்வரிசை மூட்டைகளை நகர்த்தினேன். பிளெஸ்ஸியின் ஏழாம் வகுப்பு சயின்ஸ் புத்தகம் இருந்தது. வெல்லப் பாகு வழிந்து பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தால் கிழிகிறது.

லீனா கேட்டாள். "வாடகன்னு எழுதிக் குடுத்தா, பாதி வூடு அவங்களுதுன்னு நீங்களே ஒத்துக்கினதா ஆவாதா?"

"ஆவும்" என்றேன்.

"தெரிஞ்சிதான் எழுதப் போறீங்களா?"

"எழுதறதா இன்னும் சொல்லல" என்றேன். சொல்லவில்லைதான். விலையைப் பார்ப்போம்.

ஆறாயிரம் என்பது பைபாஸ் பக்கத்து விலை. அங்கே லாரி கதவு வரைக்கும் வரும். உன் பின்கட்டுக்குச் சந்துக்குள் ஆள் வைத்துச் சுமக்கவேண்டும், மூட்டைக்கு நான்கு ரூபாய் கூலி தனி. வடக்கு மூலையில் ஓடு உடைந்து ஒழுகுகிறது, எறும்புத் தொல்லை இருக்கிறது. உனக்குத்தான் எறும்பு பற்றி நன்றாகத் தெரியுமே. மாதம் நாலாயிரத்து ஐந்நூறு தருகிறேன். அட்வான்ஸ் ஆறு மாதம். பழைய மாதங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது, அதனால் வாடகையும் கிடையாது. வெளியாள் வந்தால் இதைவிடக் குறைவாகத்தான் கேட்பான். உன் இரண்டு வியாபாரிகள் யார் என்று எனக்குத் தெரியும். ஒருவன் மிளகாய் மொத்த வியாபாரி. வைத்துப் பார், சுவர் பத்து வருடம் தும்மும்.

இஸ்ரேல்


திருப்பதி
27 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

தணிகைவேலை வாசலிலேயே நிறுத்தி வைத்து எழுதுகிறேன். "அக்கா, நான் வெயிட் பண்றேன், ஆனா வண்டில ஐஸ் இல்ல, வெல்லம்தான் கீது, சீக்கிரம்" என்கிறான்.

நாலாயிரத்து ஐந்நூறு முடியாது. ஒழுகுகிற ஓட்டை யார் மாற்றாமல் விட்டது? உன் சரக்கைத் தேடித்தான் எறும்பு வந்தது, அதற்கு என் வாடகையில் கழிவு கேட்கிறாய். ஐயாயிரத்து ஐந்நூறு கேட்கலாம் என்று இருந்தேன், நீ மிளகாயைச் சொன்ன விதத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஐயாயிரத்து இருநூறு. அதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கமாட்டேன். அட்வான்ஸ் பத்து மாதம், பைபாஸ் பக்கம் எல்லாரும் வாங்குகிற மாதிரி.

பழைய மாதங்களுக்கு வாடகை கேட்கவில்லை. கட்டில் மேல் மூட்டை போட்டதற்கு நான் விலை வைத்தால் அது விலையாகிப் போய்விடும். அதற்குப் பதிலாக, சந்துப் பக்கம் இருக்கிற சின்ன அறையையும் கட்டிலையும் காலி செய்து கொடு. அது வாடகையில் சேராது. அதன் சாவி எங்களிடம் இருக்கும். பிளெஸ்ஸி பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கட்டை விரலும் வேண்டும். வாடகை வாங்குகிறவள் வாடகைக்கு எடுத்தவரின் குடும்பப் பதிவில் இருக்க முடியாது, இதை ரமணாவிடம் சொல், அவருக்கே சிரிப்பு வரும்.

அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஸ்டெதாஸ்கோப்பை மேலே வைத்து, பிறகு எடுத்து, தோழியிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிறு காலை வண்டி.

லோயிஸ்


சித்தூர்
29 நவம்பர் 2024

லோயிஸ்,

இன்று காலை சசிவாலயத்துக்கு நானே போய்விட்டேன். கட்டை விரலை வைத்தேன், மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், எடுக்கவில்லை. ரமணா என் விரலைத் திருப்பிப் பார்த்து, "ரேகையே லேதண்ணா! சாக்குக் கயிறு எல்லாத்தையும் துன்னுட்டு இருக்குது" என்றான். முப்பது வருடம் மூட்டை தூக்கியதில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னான். அந்தக் கருவிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து நின்றேன். இமைக்காதீங்க, இமைக்காதீங்க என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பிரிந்துவிட்டது. நீயும் பிளெஸ்ஸியும் இனி தனிக் குடும்பம். இந்த வருடம் இல்லாவிட்டாலும் அடுத்த வருடத்துக்கு மனு போடு, நான் தடையாக இருக்கமாட்டேன்.

வாழைப்பழப் பணம் சபைக்குப் போனது போனதுதான். ஏலத்தில் கேட்டவன் பின்வாங்கக்கூடாது. கங்காதர நெல்லூர் பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுக்கப்போவதாக கிளாட்வின் சொல்கிறார். சீப்பு மூன்றாம் நாளே கறுத்துவிட்டது. லீனா அப்பம் செய்தாள். என் ஆயுசில் தின்றதிலேயே விலை அதிகமான அப்பம் அது.

சின்ன அறை காலி. கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருக்கிறேன். சயின்ஸ் புத்தகத்தை மட்டும் எறியவில்லை, அலமாரியிலேயே இருக்கிறது. அவளே வந்து பார்த்து முடிவு செய்யட்டும். சாவி இந்தக் கவரில் இருக்கிறது. பத்திரமும் இருக்கிறது, நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி நான் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு லீனாவும் கிளாட்வினும் போட்டிருக்கிறார்கள். முதல் வரியில் "ஆர்தர் அவர்களின் மகள் லோயிஸுக்குச் சொந்தமான பின்கட்டு" என்று இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் சொந்தமான என்று எழுதட்டுமா, பாத்தியப்பட்ட என்று எழுதட்டுமா என்று கேட்டார். எது பலமோ அதை எழுதுங்கள் என்றேன்.

தணிகைவேலை நாளைக்குக் காத்திராமல் இன்றே கிளப்பிவிட்டேன், பணத்தோடு. கல்லூரி கவுண்டர் காலையில் திறக்கிறபோது நீ அங்கே நிற்கவேண்டும். உன் கையால் கட்டு. பிளெஸ்ஸியிடம் தோழியைப் போய்ப் பார்த்து ஸ்டெதாஸ்கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்.

நிபந்தனைகள் இவை. வாடகை மாதம் ஐயாயிரத்து இருநூறு, நீ சொன்னதுதான். வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம். ஓடு மாற்றுவது என் செலவு, எறும்பு என் பொறுப்பு. மாத வாடகையை போனில் அனுப்பமாட்டேன். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து நீயோ அவளோ வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். அட்வான்ஸ் பத்து மாதம் முடியாது, ஒன்பது மாதம். நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. எண்ணி வாங்கிக்கொள். பில்லுக்கு இன்னும் நூற்று அறுபது குறையும். அது உன் பங்கு, என்னிடம் கேட்காதே.

இஸ்ரேல்